பூனை வளர்ப்பவர் தோட்டத்தில் இருக்கக்கூடாத பூக்கள்: அடையாளம் காண்பதில் இருந்து அவசர சிகிச்சை வரை முழுமையான வழிகாட்டி

பூனைக்கு ஆகாத பூச்செடி எது என்று கேட்டால் பெரும்பாலும் அரளி என்றுதான் பதில் வரும். அரளி கொடிய நஞ்சு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் இலை கசக்கும் என்பதால் கடித்துப் பார்த்த பூனை துப்பிவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. லில்லியைப் பூனை கடிக்கவே வேண்டாம். பூவை உரசிக்கொண்டு போய், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். சிகிச்சை கிடைக்காவிட்டால் மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுபோகும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘லில்லி’ என்ற பெயரில் விற்கும் செடிகளில் பல, உண்மையான லில்லியே அல்ல. ஒன்று வாயை எரிக்கும், ஒன்று வயிற்றைக் கலக்கும், ஒன்று இதயத்தைப் பிடிக்கும், சில ஒன்றுமே செய்யாது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால், பயப்பட வேண்டாததற்குப் பயந்து, பயப்பட வேண்டியதை வீட்டுக்குள் வைத்திருப்போம். அதனால் முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும்.

படி 1: தோட்டத்தைக் கணக்கெடுங்கள்

கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு செடிக்கும் நான்கு படம் எடுங்கள்: முழுச் செடி, இலை தண்டோடு சேரும் இடம், பூவின் முன்பக்கம், அடித்தண்டு மண்ணில் இறங்கும் இடம். பூ மட்டும் உள்ள படத்தை வைத்து அடையாளம் சொல்வது கடினம். இலை எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் பல நேரம் விடையைத் தரும். தொட்டியில் பெயர்ச் சீட்டு இருந்தால் அதையும் படம் எடுங்கள். அதில் இருக்கும் தாவரவியல் பெயர்தான் முக்கியம். கடைப்பெயர் எதுவாகவும் இருக்கலாம்.

வீட்டுக்குள் பூச்சாடியில் இருப்பது, மாடித் தொட்டிகள், மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது என எல்லாமே கணக்கில் வரும். வெளியே போய்வரும் பூனைக்கு மதில் ஒரு எல்லையே இல்லை.

பட்டியல் எழுதும்போது நீளமாக, மெல்லிசாக, காற்றில் ஆடும் இலை உள்ள செடிகளுக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். புல்லை மெல்லுவது பூனைகளின் இயல்பு. புல் போன்ற இலையைக் கண்டால் அவை முதலில் அதைத்தான் கடிக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகளும், நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைகளும் எதையும் கடித்துப் பார்க்கும்.

படி 2: லில்லியா, லில்லி மாதிரியா?

சிறுநீரகத்தை அழிப்பவை இரண்டே இனங்கள்: லிலியம், ஹெமரோகாலிஸ். இவற்றில் ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று சொல்ல எதுவும் இல்லை.

லிலியம் இனத்தில் ஈஸ்டர் லில்லி, டைகர் லில்லி, ஏசியாட்டிக், ஓரியண்டல், ஸ்டார்கேசர் எல்லாம் அடங்கும். நேராக நிற்கும் ஒற்றைத் தண்டு, தண்டின் அடி முதல் நுனி வரை இலைகள், உச்சியில் ஆறு இதழ் கொண்ட பெரிய பூ. கிழங்கைத் தோண்டிப் பார்த்தால் வெங்காயம் போலத் தோல் இருக்காது. பூண்டுப் பல் அடுக்கியது போலச் செதில் செதிலாக இருக்கும். பூவின் நடுவில் ஆறு மகரந்தக் கேசரங்களைக் கவனியுங்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னச் சுத்தியல் போல ஒரு பை, லேசாகத் தொட்டாலே ஊஞ்சல் போல ஆடும். அதில் இருக்கும் செங்காவிப் பொடி துணியில் பட்டால் போகாது. பூனையின் விலாவில் பட்டாலும் அப்படித்தான் ஒட்டும்.

ஹெமரோகாலிஸ் என்பது டே லில்லி. தண்டில் இலை இருக்காது. தரையில் இருந்து விசிறி போலக் கிளம்பும் நீண்ட வார் இலைகள், நடுவில் இலையில்லாத பூக்காம்பு, ஒரே நாளில் வாடும் பூ. பூ இல்லாத காலத்தில் பார்த்தால் ஏதோ அலங்காரப் புல் என்று நினைக்கத் தோன்றும். பூனையும் அதைப் புல் என்றே நினைக்கும்.

இவ்விரண்டிலும் இதழ், இலை, தண்டு, கிழங்கு, மகரந்தம் எல்லாமே நஞ்சு. பூ நிற்கும் சாடித் தண்ணீரும் நஞ்சுதான். இலையில் ஒரு துண்டு தின்றால்கூட உயிருக்கு ஆபத்து. மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்துவிட்டால் பூ பாதுகாப்பாகிவிடும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். கறை படியாமல் இருக்கத்தான் அது உதவும். நாய் தின்றால் பெரும்பாலும் வயிற்றுப் போக்கோடு போய்விடும். அதனால் ‘நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்ற அனுபவம் பூனைக்குச் செல்லாது.

லில்லி என்ற பெயரைச் சுமக்கும் மற்றவை இவை:

- பீஸ் லில்லி, காலா லில்லி: ஒரே ஒரு வெள்ளை அல்லது வண்ண மடல், நடுவில் குச்சி போன்ற பூந்தண்டு. இவற்றில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்த உடனேயே வாயும் நாக்கும் குத்தி எரியும், எச்சில் ஒழுகும். சிறுநீரகத்தைத் தொடாது.
- ரெயின் லில்லி, ஸ்பைடர் லில்லி, அமரில்லிஸ்: வெங்காயத் தோல் உள்ள கிழங்கு. வாந்தியைத் தூண்டும் லைகோரின் உள்ளது; கிழங்கில்தான் அதிகம்.
- செங்காந்தள்: இதைக் குளோரி லில்லி என்றும் விற்பார்கள். இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகும் கொடி. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.
- லில்லி ஆஃப் தி வேலி: சின்ன வெள்ளை மணிகள் தொங்கும் பூ. அரளியைப் போல இதயத்தைப் பாதிக்கும்.
- அல்ஸ்ட்ரோமீரியா: இலைக்காம்பு முறுக்கிக்கொண்டு இலை தலைகீழாகத் திரும்பியிருக்கும். லேசான வயிற்றுக் கோளாறு மட்டுமே வரும்.
- கல்வாழை: கேனா லில்லி என்பார்கள். பூனைக்கு நஞ்சில்லை.

அடையாளம் உறுதியாகாத ‘லில்லி’யை லிலியமாகவே எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

படி 3: மற்ற நஞ்சுப் பூக்களை வகை பிரியுங்கள்

*இதயத்தைப் பிடிப்பவை.* அரளி, பொன்னரளி, அடீனியம், எருக்கு, டிஜிடாலிஸ், காலஞ்சோ. இதயத் தசைச் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி மாற்றித் தள்ளும் ‘பம்ப்’ ஒன்று உண்டு. இவற்றின் நஞ்சு அதை நிறுத்திவிடும். எச்சில், வாந்தியில் தொடங்கி, துடிப்பு குறைந்தோ தாறுமாறாகியோ, பூனை சுருண்டு விழும். அரளி இலை காய்ந்தாலும் நஞ்சு குறையாது. கவாத்து செய்துவிட்டுச் சருகை மூலையில் குவித்து வைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. அடீனியத்தையும் காலஞ்சோவையும் ‘அழகான தொட்டிச் செடி’ என்று ஜன்னலோரத்தில் வைக்கிறோம். பூனை வெயில் காய உட்காரும் இடமும் அதுதான்.

*செல் பிரிவதைத் தடுப்பவை.* செங்காந்தளில் உள்ளது கோல்சிசின். கிழங்கில் மிக அதிகம், ஆனால் எந்தப் பாகமும் பாதுகாப்பில்லை. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் வரும். அதில் தப்பித்தாலும் அடுத்த சில நாட்களில் எலும்பு மஜ்ஜை, கல்லீரல், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். நித்யகல்யாணியும் கிட்டத்தட்ட இதே வழியில் வேலை செய்யும். புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் இந்தச் செடியில் இருந்துதான் எடுக்கப்படுகிறது என்றால் அதன் வீரியம் புரியும்.

*நரம்பைக் குழப்புபவை.* ஊமத்தையும், தலைகீழாகத் தொங்கும் ஏஞ்சல் டிரம்பெட்டும். கண்மணி விரிந்து, வாய் வறண்டு, இதயம் வேகமெடுத்து, பூனை தடுமாறும். அசேலியாவில் உள்ள கிரேயனோடாக்சின் வாந்தியையும் தளர்ச்சியையும் தரும், இதயத்துடிப்பும் இறங்கும்.

*வயிற்றைக் கலக்குபவை.* டூலிப், ஹயசிந்த், டாஃபோடில், சைக்ளமன், ஹைட்ரேஞ்சியா. டூலிப், ஹயசிந்த், டாஃபோடில் மூன்றிலும் பூவைவிடக் கிழங்குதான் வீரியம். கிழங்கு நடும் நாளில் பூனையை உள்ளே பூட்டுங்கள். தோண்டிய மண்ணைப் பார்த்தால் அது கிளறாமல் விடாது. உண்ணிச்செடியின் பச்சைக் காயிலும் கவனம் தேவை.

சாமந்தியில் பெயர்க் குழப்பம் உண்டு. கிரிசாந்திமம் என்ற சாமந்தியைத் தின்றால் எச்சில், வாந்தி, பேதி, தோல் அரிப்பு வரலாம். செண்டுமல்லி என்றும் துலுக்கச் சாமந்தி என்றும் சொல்வது வேறு இனம். அதனால் லேசான எரிச்சலோடு சரி. கிரிசாந்திமத்தின் ஒரு வகையில் இருந்துதான் பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி எடுக்கிறார்கள். அதைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த பெர்மெத்ரின் பூனைக்கு மிகக் கொடியது, ஏனென்றால் பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. நாய்க்கான உண்ணி மருந்தையும் பெர்மெத்ரின் கலந்த தெளிப்பானையும் பூனை நடமாடும் இடத்தில் பயன்படுத்தவே கூடாது.

பூச்செடி அல்ல என்றாலும் பட்டியலில் சேர்க்க வேண்டிய ஒன்று சாகோ பாம். ஈச்சை போல் அழகுக்கு வைக்கும் குட்டை மரம். அதன் சிவந்த விதை கல்லீரலை அழிக்கும்.

படி 4: அகற்றுங்கள்

லிலியம், ஹெமரோகாலிஸ், செங்காந்தள், அரளி வகைகள், சாகோ பாம்: இவற்றைப் ‘பூனைக்கு எட்டாத இடத்தில்’ வைக்கலாம் என்று யோசிக்காதீர்கள். பூனைக்கு எட்டாத இடம் என்று ஒன்று இல்லை. எட்டாவிட்டாலும் இதழ் கீழே விழும், மகரந்தம் உதிரும்.

லிலியம் கிழங்கு பொதுவாக 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் இருக்கும். தண்டைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். தண்டில் இருந்து ஒரு சாண் தள்ளி, 25 செ.மீ. ஆழத்துக்கு மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்குங்கள். செதில்கள் எளிதில் உதிரும். உதிர்ந்த ஒரு செதிலில் இருந்துகூடப் புதுச் செடி முளைக்கும். அதனால் மண்ணைச் சலித்துப் பொறுக்க வேண்டும். சில வகைகளில் இலைக் கக்கத்தில் கருமணி போலக் குட்டிக் கிழங்குகள் இருக்கும். அவை உதிரும் முன்பே தண்டைப் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். பூத்திருந்தால் முதலில் பூவை மட்டும் பைக்குள் விட்டு வெட்டுங்கள், மகரந்தம் சிதறாது.

அரளியை வெட்டும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். வெட்டியதை அன்றே பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எரிக்காதீர்கள், புகையும் நஞ்சு. உரக்குழியிலும் போடாதீர்கள். அடிக்கட்டையை வேரோடு எடுக்காவிட்டால் திரும்பத் துளிர்க்கும்.

வேலை முடிந்ததும் சட்டையைத் துவைக்கப் போட்டு, கை கழுவி, அதன் பிறகே பூனையைத் தொடுங்கள். லிலியம் இருந்த இடத்தை அடுத்த பருவம் வரை மாதம் ஒருமுறை பாருங்கள். விட்டுப்போன செதில் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும்.

படி 5: கடிக்க வேறொன்று கொடுங்கள்

செடியை அகற்றினால் மட்டும் போதாது, மெல்லும் ஆசை அப்படியே இருக்கும். கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஏதாவது ஒன்றை ஒரு கைப்பிடி எடுத்து 8 மணி நேரம் ஊறவையுங்கள். அடியில் துளையுள்ள அகலத் தொட்டியில் 5 செ.மீ. மண் போட்டு, விதையை நெருக்கமாகப் பரப்பி, மேலே அரை செ.மீ. மண் தூவி ஈரமாக வையுங்கள். மூன்று நான்கு நாளில் முளைக்கும். 10 செ.மீ. வளர்ந்ததும் பூனைக்கு வைக்கலாம். தண்ணீர் தேங்கினால் வேரடியில் வெள்ளைப் பூஞ்சை படியும். அந்தத் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் புல் மஞ்சளாகிவிடும் என்பதால், பத்து நாள் இடைவெளியில் இன்னொரு தொட்டி தயாராகிக்கொண்டே இருக்கட்டும். மருந்து தடவிய விதையை வாங்காதீர்கள்.

பூவுக்காகத் தோட்டம் வேண்டுமென்றால் ரோஜா, மல்லிகை, சூரியகாந்தி, ஜின்னியா, ஜெர்பெரா, ஸ்னாப்டிராகன், பெட்டூனியா, கோழிக்கொண்டை, காசித்தும்பை, ஆஸ்டர் வையுங்கள். நஞ்சில்லாத செடியை அதிகம் தின்றாலும் பூனை ஒருமுறை வாந்தி எடுக்கலாம், அது சாதாரணம். மல்லிகையில் மட்டும் பெயரைப் பார்த்து வாங்குங்கள். நைட் ஜாஸ்மின் என்று விற்கும் இரவுராணி மல்லிகையே அல்ல. அது கத்தரிக் குடும்பத்து நஞ்சுச் செடி.

உரத்திலும் ஆபத்து இருக்கிறது. ஆமணக்குப் புண்ணாக்கு, நத்தைக்கொல்லி உருண்டை, கோகோ ஓட்டு மூடாக்கு மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

பரிசாக வரும் பூங்கொத்தை வாசலிலேயே பிரித்துப் பாருங்கள். லில்லி மொட்டு ஒன்று இருந்தாலும் மொத்தக் கொத்தும் வெளியேதான். மகரந்தம் மற்றப் பூக்களிலும் உதிர்ந்திருக்கும்.

படி 6: தின்றுவிட்டால்

லில்லியைத் தின்றதாகவோ, மகரந்தம் பட்டதாகவோ சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். காரணம், அறிகுறிகள் ஏமாற்றும்.

முதல் சில மணி நேரத்தில் வாந்தி, எச்சில், சோர்வு வரும். பிறகு வாந்தி தானாகவே நின்றுவிடும். பூனை சுருண்டு படுத்துத் தூங்கும். பார்க்கிறவருக்கு ‘சரியாகிவிட்டது’ என்றுதான் தோன்றும். அந்த நேரத்தில்தான் சிறுநீரகக் குழாய்களின் உள்படலச் செல்கள் செத்துக்கொண்டிருக்கும். 12 முதல் 30 மணி நேரத்துக்குள் பூனை நிறைய சிறுநீர் கழித்து உடம்பு வறண்டுபோகும். மணல் தட்டில் சிறுநீர் பட்டு இறுகிய மணல் கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும். அதன் பிறகு கட்டியே இருக்காது, தட்டு காய்ந்து கிடக்கும். சிறுநீர் நின்றுவிட்டால் டயாலிசிஸ் தவிர வேறு வழி குறைவு. தின்ற 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய பூனைகள் பெரும்பாலும் பிழைக்கின்றன. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்று சொல்வது அதனால்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்:

1. வாயில் மிச்சம் இருந்தால் விரலில் ஈரத்துணி சுற்றித் துடைத்தெடுங்கள்.
2. மகரந்தம் ஒட்டியிருந்தால் முதலில் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். நக்காமல் இருக்கக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி துண்டில் சுற்றுங்கள்.
3. கால்நடை மருத்துவரை அழைத்து இதே வரிசையில் சொல்லுங்கள்: செடியின் பெயர், தின்ற பாகம், தின்ற நேரம், பூனையின் எடை, இதுவரை தெரிந்த அறிகுறி. ‘பூனை பூவைத் தின்றுவிட்டது’ என்று தொடங்காதீர்கள். ‘லிலியம் தின்றது, இரண்டு மணி நேரம் ஆகிறது’ என்று தொடங்குங்கள்.
4. செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டுக் கட்டி, வாந்தியைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே கொல்லும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். பாலோ எண்ணெயோ வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். கரித்தூளையும் வீட்டில் புகட்ட வேண்டாம். வாந்தி எடுக்கவைக்கப் பூனைக்கு ஏற்ற ஊசி மருத்துவரிடம் இருக்கிறது.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் சரியான கேள்வி கேட்கலாம். சீக்கிரம் போனால் வாந்தி எடுக்கவைத்து, நஞ்சை உறிஞ்சும் செயலூட்டிய கரி கொடுப்பார்கள். அடுத்தது நரம்பு வழியாகத் திரவம், வழக்கமான அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, இடைவிடாமல் 48 முதல் 72 மணி நேரம். லில்லி நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது, திரவம்தான் சிகிச்சை. தோலுக்கடியில் ஒரு ஊசி திரவம் ஏற்றி அனுப்பினால் அது போதாது. உள்ளே சேர்த்து ஏற்ற முடியுமா, இல்லாவிட்டால் எங்கே முடியும் என்று கேளுங்கள். அரளி வகையாக இருந்தால் நிலைமை வேறு. ஈசிஜி, பொட்டாசியம் அளவு, இதயத் துடிப்புக்கான மருந்து தேவைப்படும்; இதே வகை நஞ்சான டிகாக்சின் என்ற இதய மருந்துக்கு எதிரான முறிமருந்து கிடைக்கும் இடத்தில் அதையும் தரலாம். பீஸ் லில்லி என்றால் வாயைக் கழுவி வலியைக் குறைத்தாலே பெரும்பாலும் ஒரு நாளில் தேறிவிடும். தொண்டை வீங்கி மூச்சு இரைத்தால் மட்டும் அவசரம்.

ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் அளவைப் பார்ப்பார்கள். தின்று சில மணி நேரத்திலேயே எடுத்தால் அது பெரும்பாலும் இயல்பான அளவாகத்தான் இருக்கும், ஏனென்றால் சேதம் ரத்தத்தில் தெரிய நேரமாகும். முதல் முடிவை ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்டு, 24, 48, 72 மணி நேரத்தில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதில் சர்க்கரையும், உதிர்ந்த செல்கள் சேர்ந்த வார்ப்புகளும் முன்னதாகவே தெரியக்கூடும். 72 மணி நேர அளவும் ஏறாமல் நின்று, பூனை தானாகச் சாப்பிட்டு, மணல் தட்டில் வழக்கமான அளவுக்குக் கட்டி விழுந்தால் வீட்டுக்கு அழைத்து வரலாம்.